டயருக்கு ஒரு தவக்காலம்

என் மோட்டார்சைக்கிளுக்கு இரண்டு புது டயர் போட்ட அன்று, வாழ்க்கையில் முதல்முறையாக என் மனைவியை வென்றேன். அந்த வெற்றி புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி வரை நீடித்தது. எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அது நீண்ட காலம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் எங்கள் கோயிலில் கொடியேறினால் ஒன்பது நாள் நவநாள். குருக்கள்மடத்தில் இளைய மகளோடு இருக்கும் என் மாமியார் அஞ்சலா அந்த ஒன்பது நாளுக்கும் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் வீடு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்பு வழக்கப்படி அது மாமி தன் மகள் றொசானிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. நான் அதில் பதினெட்டு வருஷமாகத் தங்கியிருக்கிறேன். மாமி வாசலில் கால் வைத்தால் நானே எழுந்து, இருக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி இருப்பேன்.

மாமிக்கு ஓட்டோவில் ஏறினால் தலை சுற்றும். பஸ்ஸில் ஏறினால் கால் வீங்கும். மருமகனின் மோட்டார்சைக்கிள் மட்டும் அந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். பக்கவாட்டில் இருப்பார். பிடிப்பதற்குக் கம்பி இருக்கிறது, ஆனால் என் சட்டைக் கொலரைத்தான் பிடிப்பார். என் காதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் மாடு வந்தால், "அருள் நிறைந்த மரியே, மாடு மகன் மாடு, வாழ்க" என்று ஒரே மூச்சில் வரும். அவர் தலையில் என் பழைய ஹெல்மட், இரண்டு அளவு பெரிது. நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது முன்னால் வந்து என் பிடரியில் இடிக்கும். டொக். கோயிலுக்குப் போக முப்பது டொக், வர முப்பது டொக்.

இந்த வருஷம் அந்த ஒன்பது மாலைகளும் எனக்கு வேண்டியிருந்தன. சனசமூக நிலையத்தில் கரம்போர்டு சுற்றுப்போட்டி. கொடியேறும் அதே வெள்ளி தொடக்கம் அடுத்த சனி வரை, தினமும் ஐந்தரைக்கு. என் சோடி பக்கத்து வீட்டு ஏர்னஸ்ட். பறங்கி ஆள், ஃபிரிட்ஜ் திருத்துகிறவன், கட்டைக் காயை ஓரத்தில் இருந்து சுண்டினால் அது வெட்கப்பட்டுத் தானாகவே குழிக்குள் போகும். முதற்பரிசு சோடிக்கு இரண்டு புது ஹெல்மட். இரண்டும் கறுப்புச் சிவப்பு. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள். நான் மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் என் பின்டயர் மொட்டையாகி, முன்டயரும் அதைப் பார்த்து மொட்டையானது. காத்தான்குடியில் பாறூக்கின் டயர் கடைக்குப் போனேன். அவர் இரண்டையும் மாற்றிப் பூட்டிவிட்டு, டயரில் நீட்டிக்கொண்டிருந்த றப்பர் மயிர்களைத் தடவிக் காட்டினார்.

"சேர், புது டயர் வழுக்கும். மேல் தோல் தேயுமட்டும் வளைவில சரிச்சு ஓடாதீங்க. இறுக்கிப் பிரேக் பிடிக்காதீங்க. பாரமும் ஏத்தாதீங்க."

"பாரம் என்டா?"

"மூட்டை, காஸ் சிலிண்டர், பின்னால ஆள். புது மாப்பிளைய முதல் நாளே தேங்காய் உரிக்க விடுறல்லையே."

"பின்னால ஆளும் ஏத்தப்படாதா?"

"கொஞ்ச நாளைக்குத் தனிய ஓடுறது நல்லம். ஒரு நூற்றைம்பது கிலோமீற்றர்."

வானம் திறந்தது என்று வேதத்தில் வாசித்திருக்கிறேன். அன்று காத்தான்குடியில் கண்டேன். வீட்டிலிருந்து வேலைக்குக் கந்தோர் போய்வர எட்டுக் கிலோமீற்றர். ஒன்பது நாள் ஓடினாலும் நூற்றைம்பது வராது. ஆனாலும் நகைக்கடைக்காரர் சேதாரம் போடுவதில்லையா? நானும் ஒரு ஐம்பது போட்டேன்.

வீட்டுக்கு வந்து றொசானியைக் கூப்பிட்டேன்.

"இருநூறு கிலோமீற்றர். அதுமட்டும் பின்னால ஒருத்தரும் ஏற ஏலா."

"அம்மாவுமா?"

"அம்மாதான் முக்கியமா ஏற ஏலா. வழுக்கினா ஆர் பொறுப்பு?"

"பாறூக் காக்கா சொன்னவரா இருநூறு என்டு?"

"ஓம்."

"சத்தியமா?"

"டயர் விஷயத்தில என்னத்துக்குப் புள்ள சத்தியம்?"

அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். விரலால் அந்த றப்பர் மயிரை ஒருதரம் இழுத்தும் பார்த்தாள். நான் மீற்றரில் தூரத்தைச் சைபரில் வைத்து, பொத்தானை எப்படி அமத்துவது, எந்த இலக்கம் எதைச் சொல்கிறது என்றெல்லாம் காட்டிக்கொடுத்தேன். இது பொய் சொல்லாது என்று வேறு சொன்னேன். பாறூக் தந்த உத்தரவாத அட்டையையும் அவளிடமே கொடுத்தேன். வீட்டில் எந்தக் கடதாசியும் அவளுடைய தையல் மெசின் லாச்சிக்குள்தான் போகும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. வென்றவன் எங்கே வாசிக்கிறான்?

"சரி, பாரம் ஏத்தாம தனிய, மெதுவா ஓடினாச் சரிதானே?" என்றாள்.

"அவ்வளவுதான். நாற்பதுக்கு மேல ஓடப்படாது."

"பாவம் டயர்," என்றாள். அதில் நான் விழித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கொடியேறியது. தாயும் மகளும் பஸ்ஸில் போனார்கள். மாமி படியேறும்போது என்னைப் பார்த்த பார்வையில் என் சட்டைக் கொலர் தானாகவே இறுகியது. நான் போய்க் கரம் ஆடினேன். நானும் ஏர்னஸ்டும் முதற்சுற்றில் வென்றோம். அன்றிரவு ஒரு கொப்பி எடுத்து, "டயர் பரீட்சை" என்று தலைப்புப் போட்டு எழுதினேன்: வளைவில் பிடி போதாது. பாலத்தில் ஒரு நடுக்கம். பாரத்துக்கு இன்னும் தகுதி இல்லை.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு றொசானி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"இஞ்சருங்க, கிரானுக்கு ஒருக்காப் போய்ட்டு வாங்க."

"கிரானுக்கா? என்னத்துக்கு?"

"கேதீஸ்வரி அக்கா வீட்டில புது நெல்லுக் குத்தி வைச்சிரிக்காவாம். ஒரு பிடி அரிசி வாங்கிட்டு வாங்க. சமைச்சுப் பாத்து மூட்டை சொல்லுவம்."

"ஒரு பிடி அரிசிக்கு ஐம்பத்துநாலு கிலோமீற்றரா?"

"மூட்டை ஏத்த ஏலாதே! ஒரு பிடி பாரமா? டயருக்கும் பழக்கம் ஆகும்."

என் வேதத்தை எனக்கே வாசிக்கிறாள். போனேன். நாற்பதுக்கு மேல் ஓடக்கூடாது என்று சொன்னவனும் நான்தான். அதனால் நாற்பதில் ஓடினேன். ஏறாவூர் தாண்டும்போது ஒரு சைக்கிள்காரர் என்னை முந்தினார், பின்னால் புல்லுக்கட்டோடு. கேதீஸ்வரி அக்கா ஒரு பிடி அரிசியைப் பேப்பரில் சுற்றித் தந்துவிட்டு, "உனக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையே தம்பி?" என்று கேட்டார்.

திரும்பி வந்து ஹெல்மட்டைக் கழற்றினேன். கழற்றின கையிலேயே மறுபடி தந்தாள்.

"கொக்கட்டிச்சோலையில எருமைத் தயிர் நல்லமாம். ஒரு சட்டி."

"தயிர் பாரம் இல்லையா?"

"பாரம் இல்ல, பரீட்சை. நீங்க கொப்பியில எழுதிறீங்கதானே, பாலத்தில நடுக்கம் என்டு? நடுங்கினாத் தயிர் உடையும். உடையாட்டி டயர் நல்லம்."

கொப்பியை வாசித்திருக்கிறாள்! ஆத்திரம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பரீட்சை எனக்குப் பிடித்துப்போனது. மண்முனைப் பாலத்தில் வாவிக் காற்று பக்கவாட்டில் தள்ள, தயிர்ச்சட்டியை முன்னால் மடியோடு அணைத்தபடி, பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிற மாதிரி வந்தேன். வீட்டு வாசலில் மாமி ஓலை மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு வெடிப்பு இல்லை.

"கண்ணாடி மாதிரிக் கிடக்கு மகன். நல்ல டயர்," என்றார் மாமி.

நானும் பெருமையில், "ஓம் மாமி, தூக்கிப் போடவே இல்ல," என்று சொல்லித் தொலைத்தேன்.

ஓடிய ஓட்டத்தில் அன்று மாலை கரம் ஆட உட்கார முடியவில்லை. நின்றபடி ஆடினேன். ஏர்னஸ்ட் புண்ணியத்தில் வென்றோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமி தன் மூக்குக்கண்ணாடியைக் குருக்கள்மடத்தில் விட்டுவிட்டு வந்தது தெரியவந்தது. கண்ணாடிக்கு என்ன பாரம்? போனேன். கொண்டுவந்து கொடுத்தேன். மாமி போட்டுப் பார்த்துவிட்டு, "இது சின்னவள்ர கண்ணாடி மகன்," என்றார். மறுபடி போனேன். இரண்டாந்தரம் திரும்பி வரும்போது ஆரையம்பதியில் நிறுத்திக் குளிராய் ஒரு சோடா குடித்தபோதுதான் மீற்றரைக் கவனித்தேன். நூற்று எழுபது!

சோடாவைப் பாதியில் வைத்தேன். இரண்டே நாளில் என்னை வைத்தே என் மதிலை உடைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு எங்கேயாவது ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு அனுப்பினால் இருநூறு முடிந்தது. மிச்ச மாலை எல்லாம் டொக் டொக். ஹெல்மட் போச்சு. ஏர்னஸ்ட் என்னை மன்னிக்க மாட்டான்.

வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியதும் வழி முழுக்க யோசித்துவந்ததைச் செய்தேன். பொத்தானை அமத்திப் பிடித்தேன். சைபர்.

வாசலில் மாமி வெள்ளைச் சாறியோடும் என் பழைய ஹெல்மட்டோடும் நின்றார். மணி ஐந்து.

"என்ன மாமி இது? இன்னும் இருநூறு ஆகல்லையே!"

றொசானி குனிந்து மீற்றரைப் பார்த்தாள். "சைபர் காட்டுது."

"கை பட்டுட்டுது புள்ள. இனி முதல்ல இருந்து எண்ணத்தான் வேணும். நான் என்ன செய்ய?"

அவள் கோபப்படவில்லை. உள்ளே போனாள். தையல் மெசின் லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. பாறூக் தந்த அட்டையோடு வந்தாள்.

"பூட்டின நேரம் மொத்த ஓட்டம் நாற்பதாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. பாறூக் காக்கா எழுதியிரிக்கார். இப்ப மேல் இலக்கம் என்ன?"

மேல் இலக்கத்தை எந்தப் பொத்தானாலும் அழிக்க முடியாது. நாற்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழு.

"நூற்று எழுபத்தொன்பது," என்றாள்.

"பாத்தியா! இன்னும் இருபத்தொன்று கிடக்கு!" எனக்கு உயிர் வந்தது.

"கீழ் வரியையும் வாசிங்க."

வாசித்தேன். பாறூக்கின் கையெழுத்து, அச்சடித்ததுபோல் தெளிவு: முதல் 150 கி.மீ. பாரம் ஏற்ற வேண்டாம்.

"இருபத்தொன்பது கூடவே ஓடிட்டீங்க. தயிரும் உடையல்ல. அம்மாவும் உடைய மாட்டா. ஏறுங்கம்மா."

மாமி ஏறினார். என் கொலர் தன் பழைய இடத்தைக் கண்டுகொண்டது. டொக்.

பூசை முடிந்து வந்து ஏர்னஸ்டின் மதிலுக்கு மேலால் மன்னிப்புக் கேட்டேன். சனி வரை எல்லா மாலையும் போச்சு என்றேன். அவன் கோபிப்பான் என்று நினைத்தேன்.

"பரவால்ல மச்சான். மாற்று ஆள் வைக்கலாம் என்டு சட்டம் இரிக்கு. ஒரு ஆள் கிடைச்சிட்டுது."

"ஆர்?"

"புது ஆள். கை சுத்தம் மேன்! இண்டைக்கு றெட் காயை ரெண்டு தரம் போட்டுது."

என் ஸ்ட்ரைக்கரை எவனோ ஒருவன் தொடுகிறான். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை ஐந்து மாலையும் கோயில் வளவில் மோட்டார்சைக்கிள் பக்கத்தில் நின்று, அந்த முகம் தெரியாதவனைச் சபித்தேன். நவநாளில் சபிப்பது பாவம் என்று தெரியும். அடுத்த கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

சனிக்கிழமை மாலை வேஸ்பர் ஆராதனை முடிந்து மாமியோடு ஒழுங்கைக்குள் திரும்பினேன். சனசமூக நிலையத்திலிருந்து ஆரவாரம். ஏர்னஸ்ட் கறுப்புச் சிவப்பு ஹெல்மட்டோடு வந்துகொண்டிருந்தான். அவன் பக்கத்தில், மற்ற ஹெல்மட்டைக் கையில் கோத்தபடி றொசானி.

"நீயா?"

"ஓம்."

"உனக்குக் கரம் தெரியுமா?"

"பள்ளிக்கூடத்தில மாகாண மட்டம் மட்டும் போனனான். பதினெட்டு வருஷத்தில நீங்க ஒருக்காலும் கேக்கல்லையே. வருஷா வருஷம் நீங்க அம்மாவோட கோயிலுக்குப் போக, நான் வீட்டில இருந்து சும்மாதானே பொழுது போக்கிறன்."

ஏர்னஸ்ட் சிரித்தான். "வியாழக்கிழமையே வந்து மாற்று ஆளா பேர் குடுத்திட்டா மச்சான். ஞாயிற்றுக்கிழமையில இருந்து அவருக்கு ஒழிவு இரிக்காது என்டா."

வியாழக்கிழமை! கிரானுக்கு முன்னம், தயிருக்கு முன்னம், கண்ணாடிக்கு முன்னம். அட்டையைக் கொடுத்த மறுநாளே.

ஆனாலும் ஹெல்மட் வீட்டுக்குத்தானே வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு கையை நீட்டினேன். றொசானி என் கையைத் தாண்டிப் போய், பின்னால் இருந்த தாயின் தலையிலிருந்து பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, நாடியில் வாரையும் பூட்டிவிட்டாள்.

"அச்சொட்டா இரிக்கு மகன்," என்றது ஹெல்மட்டுக்குள் இருந்த குரல். "அடுத்த திருவிழா ஆயித்தியமலையில. தூரம்தான். ஆனா டயர் பழகிட்டுதே."

மாமியைப் பின்னால் ஏற்றி ஒரு வாரமாக அந்த ஹெல்மட்டையும் பரீட்சித்துக் கொப்பியில் எழுதி வருகிறேன்: பழையதைவிடப் பாரம் கூட, உறுதி கூட, பிடரியில் டொக்கும் கூட.