பெரிய டாக்டர் கொடுத்த லீவு

"இந்த ஒயரை எல்லாம் ஒட்டறதுக்கு டாக்டர் வரட்டும். உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிரமம்?" என்று மாமனார் சட்டைப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை அந்த அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டரின் உதவியாளன். வருகிறவர்களை முதலில் பார்ப்பது, இசிஜி எடுப்பது, தையல் போடுவது, டியூட்டி டாக்டரிடம் விவரம் சொல்லிச் சிகிச்சையைத் தொடங்குவது எல்லாம் அவன் வேலை. இதற்கென்றே படித்தவன். கல்யாணமான நாளிலிருந்து இதை மாமனாருக்கு விளக்கி வருகிறான். அவரோ கேட்பவர்களிடமெல்லாம், "டாக்டருக்குப் பை தூக்கறார்" என்று சுருக்கமாக முடித்துவிடுவார்.

இன்று நெஞ்செரிச்சல் என்று வந்து படுத்திருக்கிறார். நெற்றியில் வியர்வை. கோளாறு வயிற்றிலா இதயத்திலா என்று இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

"டாக்டர் மேடம் விபத்துக் கேஸ்ல இருக்காங்க மாமா. அவங்கதான் என்னை எடுக்கச் சொன்னாங்க."

"வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

"இது அவசரப் பிரிவு மாமா."

அந்த நேரம் பார்த்து டியூட்டி டாக்டர் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார். ஓடினான். தொப்பி, மாஸ்க், நீள கவுன் எல்லாம் மாட்டிக்கொண்டு, விபத்தில் சிக்கியவரின் காலைக் கட்டுப் போடத் தூக்கிப் பிடித்தான். கட்டு முடிந்ததும் அதே கோலத்தில் திரும்பி ஓடி வந்தான்.

மாமனார் முகம் மலர்ந்தது. "வாங்க டாக்டர். இவ்வளவு நேரம் ஒரு அசிஸ்டென்ட் என் உயிரை வாங்கிட்டாரு."

'நான்தான் மாமா' என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அவர் பொத்தான்களைக் கழற்றியிருந்தார். உண்மையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒயர்களை ஒட்டினான். இசிஜியில் கோளாறு எதுவும் தெரியவில்லை. போன உயிர் பாதி திரும்பி வந்தது. கையோடு ரத்தமும் எடுத்து அனுப்பினான்.

"ஊசி குத்தினதே தெரியல டாக்டர். என் மாப்பிள்ளையும் இருக்காரே."

"அவரும் நல்லாத்தான் செய்வாரு" என்றான், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"செஞ்சு என்ன? வேலையைக் கட்டிக்கிட்டு அழறாரு. பொண்டாட்டியோட உட்கார்ந்து ஒரு வேளை நிம்மதியாச் சாப்பிட்டதில்ல. அவருக்கு மூணு நாள் லீவு குடுங்க."

"குடுத்தாச்சு." பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது.

"அப்படியே அவரைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கண்டிச்சு வைங்க. நான் காது குளிரக் கேக்கணும்."

வேறு வழியில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் போனான். மாஸ்க்கை மேலே ஏற்றி, "என்னய்யா வேலை பாக்கறே?" என்று அதட்டினான். கீழே இறக்கி, "சாரி டாக்டர்" என்று குழைந்தான். மறுபடி ஏற்றி அதட்டினான். திட்டு வாங்குவதைவிடத் திட்டுவது அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. கொஞ்சம் அதிகமாகவே திட்டிக்கொண்டான்.

திரைக்குப் பின்னால் இன்னொரு கட்டில் இருப்பது அவன் நினைவில் இல்லை. அதில் ஏணியிலிருந்து விழுந்து தலையில் கட்டோடு ஒரு பெயின்டர் படுத்திருந்தார்.

"சிஸ்டர், எனக்கு ஒருத்தரே ரெண்டு பேராத் தெரியறாரு. ரெண்டு பேரும் சண்டை வேற போட்டுக்கறாங்க."

தலையில் அடிபட்டவர் இப்படிச் சொன்னால் எந்த நர்ஸ் சும்மா இருப்பார்? டியூட்டி டாக்டரிடம் ஓடினார். உடனே ஸ்கேன் என்று உத்தரவு வந்தது. கட்டில் நகர, பெயின்டர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல பிரஷ்ஷைக் கழுவி வைக்கச் சொல்லுங்க சிஸ்டர். காஞ்சா வீணாயிடும்."

மாப்பிள்ளை பாய்ந்து போய்க் கட்டிலை மறித்தான். டியூட்டி டாக்டரிடம் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க மாமனார் இசிஜியைப் பார்த்தேன். ரத்தமும் நல்லா இருக்கு. வயித்துக் கோளாறுதான் போல. எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம். அதுக்கு முன்னாடி மாஸ்க்கைக் கழட்டிட்டு அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா அந்த லீவு நிரந்தரமாயிடும்."

தூக்கு மேடைக்குப் போவது போல் நடந்தான். இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்குவாரே.

மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து அவரைத் தள்ளிவந்த ஸ்ட்ரெச்சர்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். எழுப்பப் போன கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தூங்கட்டும் சார், மாஸ்க்குக்குள்ள இருந்தது நீங்கதான்னு அவருக்குத் தெரியும். 'ரெண்டு ஆஸ்பத்திரியைத் தாண்டி என் மாப்பிள்ளையை நம்பித்தான் வந்திருக்கேன், ஆனா வழக்கம்போலத் திட்டாம படுத்திருந்தா அவரு பயந்துடுவாரு'ன்னு உள்ள வரும்போதே சொன்னாரு. இப்போ தூங்கறதுக்கு முன்னாடி, பெரிய டாக்டர் வாக்குக் குடுத்த அந்த மூணு நாள் லீவை மறக்காம எடுத்துக்கச் சொன்னாரு."