சொன்ன நாளில் வந்து நிற்பவர்கள்

உலகத்தில் ஓர் அபூர்வ இனம் உண்டு. சொன்னதை நம்புகிற இனம். கடவுள் சொன்னதையும் தலைவர் சொன்னதையும் நம்புகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள், அவர்களை விடுங்கள். சும்மா எட்டிப் பார்த்த வீட்டில் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றதும் கையைக் கழுவிக்கொண்டு உட்காருகிறவர்களை, இரண்டரைக்குக் கூட்டம் என்றால் இரண்டரைக்கே போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நிற்கிறவர்களை, "மனசுல உள்ளத ஒளிக்காமச் சொல்லுங்க" என்றதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, ஏன் எல்லாரும் திடீரென்று தேநீர்க் கோப்பைக்குள் பார்க்கிறார்கள் என்று விழிக்கிறவர்களைச் சொல்கிறேன். பார்த்திருப்பீர்கள்தானே?

தனுஷிகா அந்த இனம். நுவரெலியா கடைத்தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நாகலிங்கத்தின் மகள். பள்ளிக்கூடம் முடித்த பிறகுதான் கண்டி டொக்டர் ஒருவர் அவளுக்கு இருப்பது ஆட்டிசம் என்றார். அப்பாவுக்கு முகம் வாடிப்போனது. அவளுக்கோ பெரிய நிம்மதி. தான் இத்தனை நாளும் செய்த கூத்துகளுக்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது! அந்த நிம்மதியோடு கடைக்கு உதவ வந்தாள்.

"தகரம் நாளைக்கு வந்துரும்ங்க" என்றார் அப்பா, ஒரு வாடிக்கையாளரிடம்.

"நாளைக்கு வராதுங்க. அப்பா இன்னும் ஓடரே குடுக்கல."

வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போனார். பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "நீ நல்ல புள்ளம்மா. ஆனா நீ இருந்தா கடை இருக்காது."

அப்படித்தான் காலநிலை நீதிக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஒரு தொண்டர் கிடைத்தார். முதல் நாள், ஆளுக்கொரு காய்கறியாகத் தங்களை அறிமுகம் செய்யச் சொன்னார்கள். ஒருவர் கேரட் ஆனார், ஒருவர் லீக்ஸ் ஆனார். தனுஷிகா யோசித்துப் பார்த்து, "நான் காய்கறி இல்லீங்க" என்றாள். ஆனால் அவர்கள் பேசிய விசயம் அவளுக்கு நேராகப் புரிந்தது. மழையின் போக்கைக் கெடுத்தவர்கள் எங்கோ இருக்க, மண் வந்து விழுவது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரை மேல். இது அநியாயம். இதில் சுற்றிவளைக்க ஒன்றுமே இல்லை.

சுற்றிவளைப்பதெல்லாம் மனிதர்கள்தான். அவர்களைச் சமாளிக்க அவள் ஒரு விதியே கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒரு தடவை சொன்னால் மரியாதை. திரும்பத் திரும்பச் சொன்னால் பெரிய மரியாதை. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால்தான் உண்மை. இந்த விதி கிடைத்த நாளிலிருந்து, தானும் ஊரில் எல்லாரையும் போல ஆகிவிட்டதாகக் கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது.

கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. அரசாங்க அதிகாரி வந்து பார்த்து ஆபத்து என்று சொன்னால்தான் தோட்டத்து மண்டபத்தைத் திறந்து குடும்பங்களைத் தங்கவிடுவார்கள். நிறுவனத்திலிருந்து போய்ப் பார்த்த குழுவுக்குத் தலைமை தாங்கிய சுதர்ஷினி மிஸ், அங்கே குடியிருக்கும் நாகலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதீங்க, நாளைக்கே ஆபீசரக் கூட்டிக்கிட்டு வர்றோம்" என்றார். குழுவோடு போயிருந்த தனுஷிகா, மிஸ் பிடித்த கையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள்.

"யாரு, நேத்து வந்த தங்கச்சியா? எதும் மறந்துட்டுப் போனீங்களா?" என்றாள் நாகலெட்சுமி.

"இல்லக்கா. இன்னைக்கு வர்றோம்னு சொன்னோமே."

நாகலெட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "அடியேய், இங்க வந்து பாருங்க! சொன்னத நம்பி வந்துருக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். தனுஷிகாவும் சிரித்தாள், வழக்கம்போலக் கொஞ்சம் பிந்தி. பிறகு மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள். போனைக் காதில் ஒட்டி வைத்தால் அவளுக்குத் தலைக்குள் ஊசி குத்தும். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"மிஸ், எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க? நான் லயத்துல நிக்கிறேன்."

"லயத்துலயா? எதுக்கும்மா?"

"நேத்து சொன்னீங்கள்ல."

"ஐயோ தனு, அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. அவங்களுக்கே தெரியும்."

அவங்களெல்லாம் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"ஆனா நீங்க கையப் புடிச்சீங்க மிஸ்" என்றாள் தனுஷிகா. அவளிடம் இருந்ததே அந்த ஒரு விதிதான்.

சுதர்ஷினி கெட்டவர் அல்ல. வெடிப்பைப் பார்த்துக் கண் கலங்கியது நிஜம், அந்த நேரத்தில் நாளைக்கே வர நினைத்ததும் நிஜம். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் அது கரைந்துவிட்டது, அவ்வளவுதான். உங்களுக்கும் எனக்கும் கரையாததா?

நாகலெட்சுமி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "பரவாயில்லீங்க மிஸ். நேரம் கெடைக்கிறப்ப வாங்க."

"பரவாயில்லன்னு இவங்க மரியாதைக்குச் சொல்றாங்க மிஸ். அது உண்மையில்ல" என்றாள் தனுஷிகா. "வெடிப்புக்குள்ள என் கை முழுசாப் போகுது. மழ இருட்டிக்கிட்டு வருது. இவங்க ராத்திரி இங்கதான் தூங்கணும். நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

அவள் இருப்பேன் என்றால் இருப்பாள் என்பது சுதர்ஷினிக்குத் தெரியும். மத்தியானம் ஜீப் வந்தது. அதிகாரி வெடிப்பைப் பார்த்தார், மேலே மலையைப் பார்த்தார், அதன் பிறகு யாரோடும் வளவளவென்று பேசவில்லை. விளக்கு வைப்பதற்குள் பாயும் சட்டிபானையுமாக எல்லாரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள்.

வாசலில் நாகலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாளைக்குச் சாப்பிட வாங்க தங்கச்சி."

தனுஷிகா, நாகலெட்சுமி பிடித்த கையைப் பார்த்தாள். உடைந்துபோன விதி. இருந்தாலும் கேட்டுவிட்டாள். "எந்த நாளுக்கா?"

நாகலெட்சுமி இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். கையை மட்டும் விடவில்லை. "ஞாயித்துக்கெழம" என்றாள்.

இப்போதெல்லாம் அந்த நிறுவனத்தில் யாராவது "நாளைக்கே" என்று ஆரம்பித்தால், முதலில் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள். தனுஷிகா இருந்தால், "பார்க்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். நீங்களும் எங்கேயாவது "கட்டாயம் வர்றேன்" என்று சொல்லி வைத்திருந்தால் யோசித்துப் பாருங்கள், பக்கத்தில் இந்த இனத்தில் யாராவது நின்றார்களா என்று.

அல்லது, நீங்களே அந்த இனமோ? கண்டுபிடிப்பது சுலபம். யாரோ ஒருவர் போகிற போக்கில், "நேரம் இருந்தா இதப் படிச்சுப் பாருங்க" என்று சொன்னதற்காக இந்தக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டீர்களா? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். நாகலெட்சுமியிடம் சொல்லி ஒரு தட்டு கூடுதலாக வைக்கச் சொல்கிறேன். இது பேச்சுக்குச் சொல்வதில்லை.