முகர்ந்து வாங்கிய ஹார்ட் டிஸ்க்

போலிச் சரக்கைக் கண்டுபிடிக்கும் நிபுணர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். டப்பாவைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கிறவர்கள் எங்கள் அலுவலகத்து 'அசல் பொருள் உறுதிப்பாட்டுக் குழு' மட்டும்தான். தலைவர், கணக்கர், செயலாளராகிய அடியேன், ஆக மூன்று பேர். ஆன்லைனில் வாங்கும் கம்ப்யூட்டர் சாமான் எதுவானாலும் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

டப்பாவை ஏன் பிரிப்பதில்லை என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். சீலைப் பிரித்தால் அது பிரித்த சாமான் ஆகிவிடும். பிரித்த சாமானைப் 'புத்தம் புதியது' என்று எப்படிச் சான்றளிப்பது? எங்களுக்கும் மனசாட்சி இருக்கிறதே. ஆகவே தலைவர் டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பளபளா ஸ்டிக்கரைப் பார்ப்பார். கணக்கர், விற்றவருக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பார். நான் முகர்ந்து பார்ப்பேன். இந்த முறையில் இன்றுவரை ஒரு போலிகூட அகப்பட்டதில்லை. முறை அவ்வளவு கச்சிதம்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் எங்கள் ஸ்டோர் ரூமிலிருந்த கம்ப்யூட்டர்கள் காணாமல் போயின. போகிற போக்கில் கேமராப் பெட்டிக்குள்ளிருந்த ஹார்ட் டிஸ்க்கையும் திருடன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பதிவு போச்சு, சாட்சியும் போச்சு. மிச்சம் இருந்தவர் வாட்ச்மேன். எனவே அவர் தூங்கிவிட்டார் என்று ஒருமனதாகத் தீர்மானித்து வேலையைவிட்டு நிறுத்தினோம்.

"நான் தூங்கல சார். தலைவர்தான் அன்னைக்கு வந்து, டீ வாங்கிட்டு வான்னு என்னை அனுப்பிச்சார்" என்று அவர் ஒரே பாட்டாகப் பாடினார். தலைவர் மேலேயே பழியா? கணக்கர் கொதித்துப்போனார்.

அதிலிருந்து வாட்ச்மேன் தினமும் கேட் பக்கம் வந்து நிற்பார். என்னைக் கண்டால் கிட்டே வருவார். "பொண்ணோட படிப்பை நிறுத்திட்டேன் சார். தூங்குமூஞ்சின்னு பேர் எடுத்த வாட்ச்மேனுக்கு எவன் சார் வேலை குடுப்பான்?" எனக்குப் பாவமாக இருக்கும். நிஜமாகவே மனசு கேட்காது. அதனால் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன்.

போன வாரம் கேமராப் பெட்டிக்குப் புது ஹார்ட் டிஸ்க் வந்தது. கடை விலையில் பாதிதான். ஸ்டிக்கர் மின்னியது. நட்சத்திரம் ஐந்து. நான் ஆழ்ந்து முகர்ந்தேன். புதுச் செருப்பு வாசனை. 'அசல், புத்தம் புதியது' என்று மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

மாட்ட வந்த கேமராக்காரர், டிஸ்க்கைச் செருகிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், புது டிஸ்க்னா 'சுத்தம் பண்ணவா'ன்னு பெட்டி கேக்கும். இது ஒண்ணுமே கேக்கல. ஏற்கெனவே பழக்கம் மாதிரி எடுத்துக்கிச்சு."

"உயர்ந்த ரகம்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் தலைவர்.

திரையில் படம் ஓடத் தொடங்கியது. எங்கள் வராந்தா. எங்கள் கேட். அங்கே வாட்ச்மேன் நன்றாக முழித்துக்கொண்டு நிற்கிறார். தலைவர் காரிலிருந்து இறங்கி ஏதோ சொல்கிறார். வாட்ச்மேன் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். பிறகு தலைவரும் அவருடைய மச்சானும் ஸ்டோர் ரூமிலிருந்து கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்க் காரில் ஏற்றுகிறார்கள். கடைசியாகக் கேமராப் பெட்டியை நோக்கி ஒரு கை நீளுகிறது. விரலில் பச்சைக்கல் மோதிரம். அத்தோடு படம் நின்றது.

எங்கள் மேஜைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்த தலைவரின் பச்சைக்கல் மோதிரமும் நின்றது.

கேட்டிலிருந்து எப்போது வந்தாரோ, ஜன்னலுக்கு வெளியே வாட்ச்மேன் நின்றிருந்தார். "பாருங்க சார், முழிச்சிட்டுத்தானே இருக்கேன்" என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு.

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது.

"இது நம்ம பழைய டிஸ்க் மாதிரில்ல இருக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அப்போ புதுசுன்னு கையெழுத்துப் போட்டது யாரு?" என்றார் தலைவர்.

கணக்கர்தான் கைகொடுத்தார். "புது டிஸ்க்ல பழைய படம் இருக்க முடியுமா?"

"முடியாது."

"இந்த டிஸ்க் புதுசா?"

"புதுசுதான். நானே முகர்ந்தேனே."

"அப்போ படம்?"

"போலி" என்றேன். வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது!

இந்தக் காலத்தில் யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் படத்தில் நடக்க வைக்கலாம் என்று கணக்கர் விஞ்ஞானபூர்வமாக விளக்கினார்.

"அப்போ படத்துல கேட்ல நிக்கிறது யாரு சார்?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"அதுவும் போலிதாம்ப்பா" என்றார் தலைவர், ரொம்ப அன்பாக.

கேமராக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல், "சுத்தம் பண்ணிடவா சார்?" என்றார். பெட்டி கேட்க மறந்ததை மனிதர் கேட்டார். தலைவர் தலையசைத்தார். ஒரே ஒரு பொத்தான். டிஸ்க்கில் இப்போது ஒன்றுமே இல்லை. எங்கள் சான்றிதழும் ஏறக்குறைய உண்மையாகிவிட்டது.

ஒரு போலியைக்கூடப் பிடிக்கவில்லை என்று எங்கள் குழுவைப் பற்றி இனி யாரும் குறை சொல்ல முடியாது. போலி என்று மூவரும் கையெழுத்திட்டு, கேட்டுக்கு வெளியே அனுப்பிய முதல் சரக்கு அந்த வாட்ச்மேன்தான். அவரை நான் முகர்ந்து பார்க்கவில்லை. அவசியம் இருக்கவில்லை. அசல் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.