சுயவிருப்பத்தின் பேரில் வாய்மூடிய குருவி

குழந்தைகளின் பிஞ்சு மனதைக் காப்பதற்கென்றே சில மகான்கள் பிறக்கிறார்கள். அவர்களில் தலையாயவர் சிறுவர் கலை மையத்தின் இயக்குநர். குழந்தை என்று சொன்னாலே அவருக்குக் கண் கலங்கும். கூட்டத்தில் என்றால் இன்னும் கொஞ்சம் நன்றாகவே கலங்கும்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் பொம்மலாட்டக்காரி ஒரு ஜப்பானிய நாட்டுப்புறக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணிக்குப் போட வைத்திருந்த கஞ்சியைக் குருவி குடித்துவிடுகிறது. கோபக்காரக் கிழவி அதன் நாக்கை வெட்டித் துரத்துகிறாள். குருவிமேல் உயிரையே வைத்திருந்த கிழவர் காடெல்லாம் தேடி அலைகிறார். குருவியின் அலகுக்குள் சிவப்புத் துணியில் நாக்கு தைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கூட்டம் கூடியது.

"கத்தரிக்கோல் கூர்மையானது, எடுத்துடுங்க," என்றார் இயக்குநர்.

"அப்போ நாக்கை எப்படி சார் வெட்டறது?"

"எதுக்கும்மா வெட்டணும்? கிழவிமேல பிள்ளைங்களுக்கு வெறுப்பு வந்துடாதா?"

மனநல ஆலோசகர் தலையை ஆட்டினார். "கஞ்சி குடிச்சதும் திருட்டுதான். 'கஞ்சிப் பகிர்வு'ன்னு மாத்திக்கலாம்."

"வெட்டலைன்னா குருவி ஏன் சார் பேச மாட்டேங்குது? கதையே அங்கதானே இருக்கு. அந்த ஒரு காட்சியை மட்டுமாவது வெச்சுக்கறேன் சார்." பொம்மலாட்டக்காரி கெஞ்சினாள்.

மேதைகள் சும்மா இருப்பார்களா? இரண்டாவது டீ வந்ததும் தீர்வும் வந்தது. முதலில் கீச்சுக்கீச்சென்று பேசும் குருவி, கிழவி வந்ததும், 'குடும்ப நலன் கருதி, சுயவிருப்பத்தின் பேரில்' மௌனம் கடைப்பிடிக்கும். கிழவி சிரித்துக்கொண்டே இருப்பாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொம்மலாட்டக்காரிக்கு அந்த மனத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. தைத்த நாக்கை அவளே பிரித்தெடுத்தாள்.

அரங்கேற்றத்தன்று பாயில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு இயக்குநரின் ஐந்து வயது மகள். பின்னால் நாற்காலியில் இயக்குநர், பெருமை பொங்க.

கிழவி வந்தாள், சிரித்தாள். குருவி வாயை மூடியது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஆட்டத்தின் நடுவே பிள்ளைகளிடம் கேள்வி கேட்பது பொம்மலாட்டக்காரியின் வழக்கம். திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"குருவி ஏன் பேசாம இருக்கு, கண்ணுங்களா?"

இயக்குநரின் மகள் எழுந்து நின்றாள். "அந்தப் பாட்டி வீட்டுல இருக்காங்கல்ல, அதான்."

"அவங்கதான் சிரிச்சுக்கிட்டே இருக்காங்களேம்மா?"

"ஆளுங்க இருந்தா எங்க அப்பாவும் சிரிப்பாரு. அவர் ஆபீஸ் போனப்புறம்தான் எங்க அம்மா பேசுவாங்க."

பொம்மலாட்டக்காரியின் கையில் நூல் அப்படியே நின்றது. இயக்குநர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய கொள்கைக்கு இது மாபெரும் வெற்றி என்றே சொல்ல வேண்டும். இவ்வளவையும் சொன்ன குழந்தை அழவில்லை, பயப்படவில்லை, குரல்கூட நடுங்கவில்லை. அந்த அளவுக்கு அவளை வீட்டிலேயே பழக்கி வைத்திருந்தார்.