ஓடக்கூடாத இன்ஜின்

ஓடாத இன்ஜினை ஓட வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நன்றாக ஓடுகிற இன்ஜினை ஆறு மாதம் ஓடாத இன்ஜினாகவே வைத்துக்கொள்வதுதான் வித்தை. அந்த வித்தையில் நம் கண்ணாடிக்காரர் கரை கண்டவர்.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடி போட்டவர் என்று மட்டும் அர்த்தமில்லை. ஊராருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி பொருத்திக் கொடுக்கும் கடையில் அவருக்கு வேலை. கடுகளவு ஸ்க்ரூக்களோடு இருபது வருடப் பழக்கம். அந்தத் தைரியத்தில்தான் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து அந்தப் பொம்மை ரயிலை வாங்கிவந்தார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். மாடல் ரயில் என்று சொல்லவேண்டும். கையில் அடங்கும் பச்சை இன்ஜின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு கரண்ட் பெட்டி. பின் அறையில் இஸ்திரி மேஜையைத் துணிகளிடமிருந்து பறித்து அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பினார். திருகைத் திருப்பினார். இன்ஜின் அசைந்து கொடுக்கவில்லை.

அதுவரை அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிக் கழிந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். சாப்பிட்ட கை ஈரம் காயும் முன் மனைவியின் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வருகிற ஏற்பாடு. மச்சான் குடிநீர் இலாகாவில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். பேச்சைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அவர் ஒரு வீடு கட்டியிருந்தார். கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. கட்டிய கதைதான் இன்னும் முடியவில்லை. இரண்டு மணிக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பிப்பார். நாலு மணிக்குச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வரும். ஆறு மணிக்குக் கூரை போட முட்டுக் கொடுக்கும்போது, இருட்டுகிறது என்று சொல்லி இவர்கள் எழுந்துகொள்வார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி அஸ்திவாரம். அந்த வீட்டுக்கு ஒருநாளாவது வெள்ளையடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணாடிக்காரருக்கு ஏக்கம் உண்டு.

இன்ஜின் வந்த முதல் ஞாயிறு, "இதைப் பிரிச்சுப் போட்டுட்டேன். பாதியில விட்டுட்டு வரமுடியாது. நீ மட்டும் போயிட்டு வா" என்றார். மனைவி அவரையும் மேஜையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கெல்லாம் கோளாறு அகப்பட்டுவிட்டது. பல வருடத்து எண்ணெய் கோந்தாக இறுகிப் பல்சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் கழுவித் துடைத்து ஒரு சொட்டுப் புது எண்ணெய் விட்டார். இன்ஜின் ஒரு தடவை முனகிவிட்டுக் கிளம்பியது. மூன்று பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டில் வேறு சத்தமில்லை. அஸ்திவாரமில்லை, ஜன்னலில்லை. இப்படி ஒரு மதியம் தன் ஆயுளில் வந்ததில்லை என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்தே முக்காலுக்குத்தான் மூளை வேலை செய்தது. இன்ஜின் சரியாகிவிட்டது என்றால் அடுத்த ஞாயிறு என்ன காரணம் சொல்வது?

மோட்டாருக்குள் இரண்டு குட்டிக் கரித்துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். கரி போய் நடுவில் சுழல்கிற உருளையைத் தொட்டால்தான் கரண்ட் பாயும். கண்ணாடிக்காரர் நகக்கண் அளவுக்குக் காகிதத்தைக் கத்தரித்து ஒரு கரிக்கும் உருளைக்கும் நடுவில் செருகினார். திருகைத் திருப்பினார். இன்ஜின் கட்டையாகக் கிடந்தது. அவர் திருப்தியோடு கை கழுவினார்.

அன்றிலிருந்து ஆறு மாதம் ராஜபோகம். மனைவி தெருமுனை திரும்பியதும் காகிதம் வெளியே வரும். அவள் திரும்பி வரும் நேரத்துக்கு உள்ளே போகும். கேட்டால் சொல்ல வாரம் ஒரு வியாதி கைவசம் இருந்தது.

"இந்த வாரம் என்னவாம்?"

"கியர்ல தேய்மானம்."

"போன வாரம் சக்கரத்துலன்னீங்க?"

"அது பரவிடுச்சு."

"இன்ஜினுக்கு என்ன, அம்மையா போட்டிருக்கு?"

"உனக்குப் புரியாதும்மா. இது நுணுக்கமான விஷயம்."

"ஆமா, எனக்கெங்கே புரியப்போகுது" என்று அவள் உள்ளே போய்விடுவாள். இவ்வளவு வெகுளியாக ஒருத்தி அமைவது பூர்வஜன்மப் புண்ணியம் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொள்வார்.

ஏழாவது மாதம் அவள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "ஏங்க, உங்க இன்ஜினைப் பத்தி அண்ணன்கிட்ட சொன்னேன். இந்த ஞாயித்துக்கிழமை அவரே இங்க வந்து பாக்கறேன்னுட்டார்."

அவருக்குப் புரையேறியது. "அவருக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? முப்பது வருஷம் ஊருக்கே பைப் பாத்தவர்."

"இது பைப் இல்லையே."

"எல்லாமே பைப்தான்னு சொல்றார்."

ஞாயிறு இரண்டு மணிக்கு மச்சான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, வீட்டுக்குத் தண்ணி வரலைன்னா முதல்ல எங்கே பாக்கணும்?"

"குழாயில."

"அதான் தப்பு. தொட்டியிலேருந்து வரணும். எதுவரைக்கும் வருது, எங்கே நிக்குதுன்னு பாத்துக்கிட்டே வந்தா திருடன் தானா மாட்டுவான்."

திருடன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மச்சான் இரண்டு ஒயர் வைத்த சின்ன பல்பை எடுத்துக் கரண்ட் பெட்டியில் வைத்தார். எரிந்தது. தண்டவாளத்தில் வைத்தார். எரிந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். கண்ணாடிக்காரருக்கு மடி முழுக்கக் காகிதம்.

"மச்சான், தண்டவாளத்துல அழுக்கு இருக்குமோ?"

"இருக்கலாம். குழாய்க்குள்ள பாசி பிடிச்ச மாதிரி. ரப்பர் இருக்கா?"

பென்சில் ரப்பரால் தண்டவாளம் முழுவதையும் தேய்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தேய்க்கிறவருக்கு வாய் சும்மா இருந்தது. அதனால் அஸ்திவாரம் தோண்டப்பட்டது. சக்கரத்தில் அழுக்கு இருக்குமோ என்று அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினார் கண்ணாடிக்காரர். எல்லாச் சக்கரங்களையும் துடைத்து முடிக்கும்போது சுவர் ஜன்னலுக்கு வந்திருந்தது. ஆறு மணிக்கு மச்சான் எழுந்து சோம்பல் முறித்தார்.

"மோட்டார் ஒண்ணுதான் பாக்கி. அடுத்த வாரம் வந்து பாத்துடறேன்."

"வேண்டாம் மச்சான், போனாப் போகுது. பழைய சாமான்தானே?"

"நல்லா இருக்கே! எடுத்த வேலையை நான் விட்டதா சரித்திரமே கிடையாது. என் வீட்டு மாடித் தொட்டி கசிஞ்சப்போ பதினோரு வாரம் விடாம பாத்தேன் மாப்ளே!"

அங்கே போகாமல் இருப்பதற்காகக் கண்ணாடிக்காரர் இன்ஜினைக் கொன்றார். அந்த வீடே இப்போது புறப்பட்டு இங்கே வந்துவிட்டது. பதினோரு ஞாயிறு தாங்காது. இன்ஜினை ஓட வைத்து, நன்றி சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தார்.

சனிக்கிழமை கடையிலிருந்து வந்ததும் பின் அறைக்குப் போய்க் காகிதத்தை உருவி எறிந்தார். திருகைத் திருப்பினார். இன்ஜின் அசையவில்லை.

மறுபடி திருப்பினார். மறுபடி அசையவில்லை. ஆறு மாதமாகச் சொல்லிவந்த பொய் இப்படித் திடீரென்று உண்மையானதில் அவர் ஆடிப்போய்விட்டார். மோட்டாரைத் திறந்தார். ஒரு கரித்துண்டுக்குப் பின்னால் இருக்கவேண்டிய ஸ்பிரிங்கைக் காணோம். தரையெல்லாம் காந்தத்தால் துழாவினார். ஒரு குண்டூசி, இரண்டு கொக்கி கிடைத்தன, ஸ்பிரிங் கிடைக்கவில்லை. ஆனால் கைத்தொழில் தெரிந்தவர் அல்லவா? ஒரு பேனாவைப் பிரித்து அதன் ஸ்பிரிங்கில் நாலு சுற்று வெட்டிப் பொருத்தினார். இன்ஜின் ஜம்மென்று ஓடியது. நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு மச்சான் வந்ததும், "ஒரு அதிசயம் பாருங்க" என்று திருகைத் திருப்பினார். அதிசயம் நடக்கவில்லை.

"நேத்து ஓடுச்சு மச்சான்!"

"ஓடியிருக்கும். அடைப்பு இருக்கற குழாய்ல ஒருநாள் தண்ணி வரும், ஒருநாள் வராது. என் வீட்டுல போர் போட்டப்போ இப்படித்தான்..." என்று மச்சான் நாற்காலியில் சாய்ந்தார்.

அவர் போனபிறகு திறந்து பார்த்தால் பேனா ஸ்பிரிங்கைக் காணோம். கண்ணாடிக்காரருக்குச் சந்தேகம் மச்சான்மேல் விழுந்தது. கதை கேட்க ஆள் வேண்டுமென்று மனிதர் தானே கழற்றி வைக்கிறாரோ? அந்த வாரம் இன்னொரு பேனாவைப் பலிகொடுத்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினைத் துணியில் சுற்றி அலமாரியில் தன் சட்டைகளுக்கு அடியில் ஒளித்தார். அலமாரியில் சட்டைகளை மடித்து வைப்பது யார் என்று அவர் யோசிக்கவில்லை. கல்யாணமானதிலிருந்தே யோசித்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு மச்சான் நாற்காலியில் அமர்ந்தபிறகுதான் இன்ஜினை வெளியே எடுத்தார். திருகைத் திருப்பினார். கட்டை.

"பதறாதீங்க மாப்ளே. நமக்கு நாள் இருக்கு" என்றார் மச்சான்.

"ஒரு நிமிஷம்" என்று கண்ணாடிக்காரர் கூடத்துக்கு ஓடிவந்தார். மனைவி சோபாவில் கால் நீட்டிப் படுத்து ஒரு தொடர்கதையில் மூழ்கியிருந்தாள். பக்கத்தில் ஆவி பறக்கும் டீ. ஞாயிறு மதியம் அவளை இந்த நிலையில் அவர் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, ஒரு பேனா குடேன். ஸ்பிரிங் வேணும்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "போட்டா நான் மறுபடி கழட்டணும். பேனாவை எதுக்கு வீணாக்கறீங்க?"

"நீயா?"

"மெதுவா. அண்ணனுக்குக் கேக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் திரும்பி வந்து மேஜையைத் துடைக்கறப்போ இன்ஜின் சுட்டுக்கிட்டு இருக்கும். ஓடாத வண்டி எதுக்குங்க சுடணும்? ரெண்டாவது வாரமே திறந்து பாத்தேன். காகிதம் இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஆறு மாசம் பேசாம இருந்தியா?"

"சொன்ன வியாதியெல்லாம் உங்களுக்கு எதுவரைக்கும் ஞாபகம் இருக்குன்னு பாத்தேன். கியரை மூணு தடவை சொல்லிட்டீங்க."

"சரி, தப்புதான். அதுக்காக அவரை இங்கே வரவழைப்பியா? உன் அண்ணன் கதைதானே, நீ கேட்டா என்ன?"

"கேட்டேனே, ஒன்பது வருஷமா. கடைசி ஆறு மாசம் உங்க பங்கையும் சேத்துக் கேட்டேன். இனிமே என் பங்கையும் நீங்க கேளுங்க."

நியாயம் அவள் பக்கம் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஸ்பிரிங்கைக் குடு. ஓட வெச்சுடறேன். அடுத்த வாரத்துலேருந்து ஒழுங்கா உன்கூட அங்கே வரேன். சத்தியமா!"

"நான் எங்கேயும் போகலைங்க. எனக்கு இங்கேயே சௌகரியமா இருக்கு."

பின் அறையிலிருந்து குரல் வந்தது. "மாப்ளே! எங்கே போயிட்டீங்க? மேஸ்திரி செங்கல்லை இறக்கிட்டு நிக்கறான்!"

கண்ணாடிக்காரர் கடைசிச் சீட்டை இறக்கினார். "இதோ பார், அவரும் குடும்பஸ்தர். ஞாயித்துக்கிழமை பூரா புருஷனை இங்கே பிடிச்சு வெச்சுக்கிட்டா உன் அண்ணி என்ன நினைப்பாங்க? அவங்களுக்குக் கோவம் வராதா?"

மனைவி புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி இப்பத்தான் போன் பண்ணாங்க. ஒண்ணும் அவசரமில்லையாம். வருஷக்கணக்கானாலும் பரவாயில்லை, நிதானமா ரிப்பேர் பண்ணச் சொன்னாங்க."