குடற்கொழுப்பும் தொடைக்கொழுப்பும் பொருத மேல்தட்டுப் போர்

வாழ்க போனோலோ! பிரிட்டோரியா மாநகர் ஆய்வுக்கூடத்து வெண்மேலங்கிக் கவசத்தாள், ஊதாக் கையுறைக் கரத்தாள், குடலைப் போர்த்திய கொழுப்பில் பிறந்த குருத்தணுக்களைப் பல்லாண்டாய் ஊட்டி வளர்க்கும் ஒப்பிலா அன்னை, அவள் புகழ் ஓங்குக!

அணுக்களை உடற்சூட்டில் வளர்க்கும் புது இன்குபேட்டரில் ஒரேயொரு மேல்தட்டு மிஞ்சியிருந்தது. அதன்மேல் கண்வைத்து எதிர்நின்றான் காட்லேகோ, தொடைக்கொழுப்புக் குருத்தணுக்களின் தனிப்பெருந் தலைவன். பேராசிரியை ந்லோவு முரசறைந்தார்: "யாரோட செல்லு வெள்ளிக்கிழமைக்குள்ள கிண்ணத்த ரொப்புதோ, தட்டு அவங்களுக்கு. தோத்தவங்க கீழ்த்தளத்துப் பழைய இன்குபேட்டர் பெட்டிக்கு நடையக் கட்டுங்க."

மழைகண்ட ஈசலெனப் பெருகிற்று தொடைப்படை. குடற்படையோ, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி சுட்டுத் தின்று சாய்ந்த மாமன்மாரைப்போல் அசையாது கிடந்தது.

"அவுசி, அக்கா, உங்க ஆளுங்க தின்னுட்டுத் தூங்குறாங்க, போர்வை கொண்டாரவா?" என்று எள்ளினான் காட்லேகோ.

"உன் தொடைய நீயே வச்சுக்கோடா!" என்று சிங்கமென முழங்கினாள் போனோலோ.

அந்தோ, வியாழக்கிழமை! சினம் கண்ணை மறைக்க, இருவரும் ஒரே மேசையில் ஒரே வேளையில் மூடிகளைத் திறந்து அணுக்களுக்கு ஊட்டம் மாற்றினர். பெயரைக் கிண்ணத்தின் அடியில் எழுதுக என்பது அக்கூடத்தின் முதல்நாள் பாடம். மாவீரர் இருவரும் மூடியில் மட்டுமே எழுதியிருந்தனர். மூடிகள் கலந்தன. நிறைந்த கிண்ணம் ஒன்று, பாதிக்கிண்ணம் ஒன்று; எது எவருடையது என்று எழுத்தால் நிறுவ வல்லார் எவருமிலர்.

"குடல் வேற, தொடை வேறன்னுதானே வருஷக்கணக்கா எழுதிட்டிருக்க?" என்றார் பேராசிரியை. "நீயே பாத்துச் சொல்லும்மா, எது உன்னுது?"

நுண்ணோக்கியின்மேல் கவிந்தாள் போனோலோ. நிறைந்த கிண்ணத்தைத் தனதென்றால் மேல்தட்டு அவள் காலடியில்; ஆனால், குடலணு மெல்லத்தான் பெருகும் என்று அவள் எழுதிய ஆய்வேடோ அக்கணமே சாம்பல். பாதிக்கிண்ணத்தைத் தனதென்றால் ஆய்வேடு பிழைக்கும், தட்டு பறிபோகும். இருபுறமும் யானை மோதும் இடுக்கில் சிக்கிய அவ்வன்னை, கிண்ணத்துள் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சோம்பிக் கிடந்த தன் மக்களை நோக்கினாள், நெஞ்சு நெகிழ்ந்தாள், நிமிர்ந்தாள், கூடம் அதிரக் கூவினாள்:

"இந்தச் சோம்பேறிங்கதான் என்னுது! பாருங்க ப்ரொஃப், எவ்ளோ அழகா வளராமக் கிடக்குதுங்க!"

ஆய்வு வென்றது! தட்டு தோற்றது! எப்பக்கம் மலர்மாரி பொழிவதென்று விண்ணோர் திகைத்து நிற்க, போனோலோ கிண்ணத்தைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய பெட்டியில் வைத்து, கதவு சரியாக மூடாததால் ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள்.