எனக்கு முன்னால் ஓடாதவர்கள்

நான் பெரிய ஓட்டக்காரன் என்பது எனக்குத் திடீரென்று உறைத்தது, பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வரும் மாணவனுக்குப் படிப்பு முடிகிறவரை பள்ளிச் சம்பளமும் விடுதிச் சாப்பாடும் தம் பொறுப்பு என்று, திசையன்விளைக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் எழுதி ஒட்டச் செய்திருந்தார்.

வாசித்ததும் என் கால் துறுதுறுத்தது. எங்கள் ஜமீன் அரண்மனையில் ஆறு வயதிலிருந்து இருபது பையன்களோடு ஓடியிருக்கிறேன். ஒருவன்கூட என்னை முந்தியதில்லை. முந்தியது ஒரு நாய் மட்டும். அதையும் மறுநாளே முக்கூடல் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். (ஜமீன் வாரிசுக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அது நடைக்கு மட்டும்தான், ஓட்டத்துக்கு இல்லை என்று பதினாறு வயதுவரை நம்பியிருந்தேன். வகுப்பில் புத்திசாலி என்று பெயர் வேறு.)

என் வகுப்பில் இசக்கி இருந்தான். எங்கள் ஜமீன் குடியானவர் ஒருவரின் மகன். அவனும் பெயர் கொடுத்திருந்தான்.

"நீயும் ஓடுதியாலே?" என்றேன்.

"ஆமா எசமான். இது கிடைக்கலேன்னா படிப்பை விட்டுட்டு எருமை பத்தி மேய்க்க வந்துரணும்னு எங்க அய்யா சொல்லிட்டாவ."

"அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் செயிச்சு ஒனக்கே குடுத்திருதேன்."

இசக்கி என் கால்களை ஒருதரம் பார்த்தான். "சரி எசமான்" என்றான். அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

பந்தயத்தன்று எங்கள் காரியஸ்தர் மூன்று வில்வண்டிகளில் வந்து இறங்கினார். ஒன்றில் அவர், ஒன்றில் ரோஜா மாலை, ஒன்றில் நாகஸ்வரக் கோஷ்டி. நான் எல்லைக்கோட்டைத் தொட்டதும் மல்லாரி முழங்க வேண்டும் என்று அப்பாவின் உத்தரவு.

மைதானத்தை ஐந்து சுற்று. மொத்தம் பத்துப் பேர். விசில் ஊதியதும் பாய்ந்தேன். எட்டுப் பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். (வழக்கம் தெரியாத பிள்ளைகள், தாமாகப் பின்வாங்குவார்கள் என்று மன்னித்தேன்.) எனக்குப் பின்னால் மட்டும் ஓர் அடி தள்ளி, பிசகாத தாளத்தில் ஒரு காலடிச் சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம்கூட இல்லை.

இரண்டாவது சுற்றில் டிரில் வாத்தியார் கத்தினார். "ஏலே இசக்கி, என்னலே பைய உலாத்துத? முன்னால ஓடுலே!"

"எசமான் போயிக்கிட்டு இருக்காவ, அய்யா."

அந்த இடத்தில்தான் என் கால் நின்றது. இருபது பையன்கள், பத்து வருஷம், அத்தனை வெற்றிகள். எல்லாம் ஒரே நொடியில் விளங்கின.

நான் நின்றதும் அவனும் நின்றான். ஒதுங்கினேன், ஒதுங்கினான். வேறு வழி தோன்றாமல் தரையில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அவனும் மரியாதையாகக் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"லே, ஒன் படிப்பு போகுதுலே. ஓடு."

"எப்படி எசமான்? காரியஸ்தர் பாத்துக்கிட்டு நிக்காவ. எங்க அய்யாவுக்கு அங்கன குத்தகை நிலம் இருக்கு."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அப்போதுதான் ஞாபகம் வந்தது: என் அப்பாவுக்கு முன்னால் ஓடுகிற ஆள் ஒருவர் உண்டு. பல்லக்குக்கு முன்னே கூவிக்கொண்டு ஓடி வழி விலக்குகிறவர்.

"இசக்கி, இன்னைக்கு நீதான் எனக்கு வழி விலக்குத ஆளு. கூவிக்கிட்டு ஓடு."

அவன் முகம் மலர்ந்ததை வர்ணிக்க எனக்கு நேரமில்லை. அதற்குள் அரை மைதானம் போய்விட்டான். "எசமான் வாராவ, விலகு, விலகு!" என்று அவன் போட்ட கூச்சலில் முன்னால் போன எட்டுப் பேரும் வண்டிதான் வருகிறதோ என்று ஒவ்வொருவராகப் பதறி ஒதுங்கினார்கள். அவர்கள் ஒதுங்காவிட்டாலும் முந்தியிருப்பான், அவன் கால் அப்படி. முதலாவதாக வந்தான்.

கூச்சல் போட்டது செல்லாது என்று சிலர் முறையிட்டார்கள். கருப்பட்டி வியாபாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வாயாலயா ஓடுனான்வே? காலாலதான ஓடுனான். பய படிக்கட்டும்" என்றார்.

எல்லோரும் கலையத் தொடங்கிய நேரத்தில், ஒரு முழுச் சுற்று பின்தங்கி நான் வந்து சேர்ந்தேன். உத்தரவு உத்தரவுதானே. மல்லாரி முழங்கியது. ரோஜா மாலை என் முழங்கால்வரை தொங்கியது. மைதானம் முழுக்கச் சிரித்தது. காரியஸ்தர் மட்டும் சிரிக்காமல் என் காதருகே குனிந்தார்.

"கவலைப்படாதிய. எல்லாரும் முன்னாலயே போயி எசமானை வரவேற்க நின்னாவன்னு பெரிய எசமான்கிட்ட சொல்லிருதேன்."

அப்படியே சொன்னார். அப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு, அம்மா உள்ளேயிருந்து ஓடி வருமளவுக்குச் சிரித்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் யார் எதற்குப் பிந்தி வந்தாலும், "வரவேற்க ஆள் நிக்காவளா?" என்பதுதான் முதல் கேள்வி.

அன்று சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் இசக்கி தயங்கித் தயங்கிச் சொன்னான். "எசமான், கோவிச்சுக்கிடாதிய. நீங்க ரொம்பப் பைய ஓடுதிய." பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் சொல்லாத உண்மை. அதற்கு நான் பட்ட நன்றிக்கடன் இன்றும் தீரவில்லை. அவன் வாயைத் திறந்திருக்காவிட்டால், அரண்மனையில் எல்லோரும் புகழ்ந்த என் கவிதையும் குரலும் அழகும்கூட உயர்ந்தவை என்றே நம்பிச் செத்திருப்பேன்.

இப்போது சென்னைக் கல்லூரியில் இருக்கிறோம். இசக்கி பி.ஏ. தேறி எம்.ஏ. படிக்கிறான், நான் இன்னும் பி.ஏ. கணக்கில் தேறாமல் நிற்கிறேன். அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான், தப்புப் போட்டால் குட்டவும் செய்கிறான்.

வருகிற தை மாதம் கல்லூரியில் ஓட்டப் பந்தயம். பெயர் கொடுத்திருக்கிறேன். தினமும் விடியற்காலையில் கடற்கரையில் இசக்கி முன்னால் ஓடுகிறான், நான் பின்னால். மொத்தம் பன்னிரண்டு பேர் ஓடுகிறார்கள். பதினோராவதாக வருவதாக உத்தேசம்.